மார்ஷலின் இரண்டு கைகள்

ரயில்வே சரக்கு ஆபீசில் குமாஸ்தாக்களுக்கெல்லாம் மேலே இருந்த பெரிய கிராணி நடராஜன் வெள்ளைக் கோட்டின் மேல் சிவப்புப் பட்டையைக் குறுக்காகப் போட்டுக்கொண்டு, கோவில் வாசலில் தொங்கிய வெண்கல மணியில் முகம் பார்த்தார். பட்டையில் 'மார்ஷல்' என்று மஞ்சள் நூலால் இங்கிலீஷில் தைத்திருந்தது. எழுத்து நேராக விழவில்லை என்று தோன்றியதோ என்னவோ, இரண்டு தடவை இழுத்துச் சரி செய்தார். பிறகு கையிலிருந்த பிரம்பால் தன் கால்சட்டையைத் தட்டிவிட்டு எங்களைப் பார்த்தார்.

நாங்கள் வாசற்படிக்கு வெளியே, செம்மண் தரையில் உட்கார்ந்து தேர்வடத்தின் சுருளைப் பிரித்துக்கொண்டிருந்தோம். பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே யார்டில் வேலை செய்து, அதன் கூலி லைன் வீடுகளில் குடியிருந்த லைன் ஆட்கள் நாங்கள். வடத்தில் தேங்காய் நார் வாசனையும் போன வருஷத்து எண்ணெய் வாசனையும் கலந்து அடித்தது.

"இந்த வருஷம் எல்லாம் ஒழுங்கா நடக்கணும். நாந்தான் சீஃப் மார்ஷல். நான் சொல்றப்ப இழுக்கணும், சொல்றப்ப நிறுத்தணும். புரியுதா?" என்றார்.

எங்களை வேலை வாங்கும் மண்டோர் சுப்பையா அண்ணன் தலையை மட்டும் ஆட்டினார். எனக்கு அப்போது இருபதைத் தாண்டியிருக்கும். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இத்தனை வருஷம் கழித்து அதை ஏன் இப்போது எழுதுகிறேன் என்று கேட்பீர்கள். சொல்கிறேன். போன ஞாயிற்றுக்கிழமை அதே கோவில் கமிட்டியிலிருந்து இரண்டு இளைஞர்கள் வீட்டுக்கு வந்தார்கள். மரியாதையான பிள்ளைகள், குறை சொல்ல முடியாது. மேசைமேல் ஒரு பட்டையை விரித்தார்கள். அதே சிவப்பு, அதே மஞ்சள் நூல்.

"ஐயா, இந்த வருஷத் தேருக்கு நீங்கதான் கௌரவ மார்ஷல். பழைய ஆள் நீங்க ஒருத்தர்தான் இருக்கீங்க. முதல் மார்ஷல் நடராஜன் ஐயா படத்துக்குப் பக்கத்துல உங்க படத்தையும் மாட்டப்போறோம்" என்றார்கள்.

நான் அவர்களுக்குத் தேநீர் கொடுத்தேன். பதில் கொடுக்கவில்லை. வாயைத் திறந்தால் என்ன வருமென்று எனக்கே பயமாக இருந்தது.

யார்டில் கேட்ட சொல்

அந்த இங்கிலீஷ் சொல்லை நான் முதலில் கேட்டது கோவிலில் இல்லை, யார்டில். வெள்ளைக்கார ஃபோர்மன் காலையில் வந்து நின்றதும் வாயிலிருந்து விழும் முதல் சொல்லே அதுதான். வேகன்களை மார்ஷல் பண்ணு என்பார். வடக்கே போவது, கிள்ளானுக்குப் போவது, துறைமுகத்துக்குப் போவது எல்லாம் கலந்து கிடக்கும். எந்த ஊரில் எந்தப் பெட்டி கழற்றப்படுமோ அந்த முறையில் பிரித்து, தள்ளி, கோத்து நிறுத்த வேண்டும். அதற்குத்தான் அந்தச் சொல்.

அந்த வேலையை வாயால் செய்ய முடியாது. எஞ்சின் இரைச்சலில் பக்கத்தில் நிற்பவன் கத்துவதே கேட்காது. எல்லாம் கைதான். ஒரு கையை வீசினால் வா. மெதுவாக ஏற்றி இறக்கினால் மெள்ள வா. இரண்டு கையும் தலைக்கு மேலே போய்விட்டால் ஆபத்து, நில். அதற்கு மேல் கேள்வி கிடையாது.

ஒரு தடவை அந்தச் சைகை வீணாய்ப் போயிற்று. என் அக்கா அஞ்சலையின் புருஷன் பெருமாள், எனக்கு மாமா, இரண்டு வேகன்களுக்கு நடுவில் குனிந்து கொக்கி மாட்டிக்கொண்டிருந்தார். மழை தூறிக்கொண்டிருந்தது. எஞ்சின் சைகைக்குக் காத்திராமல் நகர்ந்து வருவதைப் பார்த்துவிட்டு சுப்பையா அண்ணன் இரண்டு கையையும் தூக்கினார். டிரைவர் வேறு எங்கோ பார்த்துக்கொண்டிருந்தான். அவன் பார்த்தபோது மாமாவின் வலது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை.

அன்றிலிருந்து எங்கள் கூட்டத்தில் யாருடைய இரண்டு கை மேலே போனாலும் நாங்கள் யோசிப்பதில்லை. கையில் இருப்பதைப் போட்டுவிட்டு நிற்போம். சோறு தின்னும்போது ஒருவன் சோம்பல் முறித்தால்கூடத் திடுக்கிட்டு நிமிர்வோம். சிரிக்காதீர்கள், அப்படித்தான் இருந்தோம்.

அக்காவின் வேண்டுதல்

மாமா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அக்கா அம்மனிடம் ஒன்று கேட்டாள். ஆளை உயிரோடு கொடு, உன் தேர் என் வாசலில் நிற்கும்போது மாவிளக்குப் போட்டு, அவரையும் உன் முன்னால் நிற்க வைக்கிறேன். இதுதான் வேண்டுதல்.

கோவிலுக்கே போய்ப் போடலாமே என்று இந்தக் காலத்துப் பிள்ளைகள் கேட்பார்கள். போக முடியாது. எங்கள் லைன் ஆட்கள் அந்த வாசற்படியைத் தாண்டக்கூடாது. ஏன் என்று விளக்க வேண்டுமா? ஜாதி. கப்பலில் ஏறும்போது மூட்டை முடிச்சை விட்டுவிட்டு வந்தவன்கூட அதை மட்டும் பத்திரமாகக் கட்டிக்கொண்டு வந்தான்.

ஆனால் தேரை இழுக்க நாங்கள் வேண்டும். அதற்கு எங்கள் கை ஆகும். அந்த உழைப்புக்குப் பதிலாக ஒரு வழக்கம் இருந்தது. ஊர்வலம் கோவிலுக்குத் திரும்பும் வழியில், பின் லைனில், எங்கள் வீடுகளுக்கு முன்னால் தேர் கொஞ்ச நேரம் நிற்கும். பூசாரி எங்கள் தட்டைத் தொடமாட்டார். பெண்கள் சாக்கடைக்கு இந்தப் பக்கம் நின்று தாங்களே கற்பூரம் காட்டிக்கொள்வார்கள். வருஷத்தில் அந்த ஒரு நிறுத்தம்தான் எங்களுக்குச் சாமி.

அந்த வருஷம் அக்கா முந்தின நாளே பச்சரிசியை ஊறவைத்து, நிழலில் உலர்த்தி, உரலில் இடித்து வெல்லம் சேர்த்துப் பிசைந்தாள். வீடு முழுக்க ஏலக்காய் வாசனை. மாமா கட்டைக்கால் பழகாதவர். இரண்டு கக்கத்திலும் கோல் வைத்துக்கொண்டு வாசலில் நின்று நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

நிற்கக் கூடாது

நடராஜனின் புது ஏற்பாடு எங்களுக்கு வடத்தைத் தூக்கும்போதுதான் தெரிந்தது.

"பின் லைன்ல இந்த வாட்டி ஸ்டாப் கெடையாது. நம்ம ரயில்வே துரையும் அவர் மிஸ்ஸியும் அஞ்சு மணிக்குக் கோவில் வாசலுக்கு வர்றாங்க, ஊர்வலம் பாக்க. நேரே வந்துடணும்" என்றார்.

சுப்பையா அண்ணன் மெதுவாகக் கேட்டார். "சார், வருஷா வருஷம் நிக்கிறதுதானே. பொம்பளைங்க வெளக்கு ஏத்திட்டு நிப்பாங்க."

"தூரத்துலருந்து கும்பிடட்டும். சாமிக்குக் கண்ணு தெரியும்லா."

"என் அக்கா வேண்டிக்கிட்டிருக்கு சார். பெருமாள் காலு போனப்ப" என்றேன் நான்.

அவர் என்னைப் பார்க்கக்கூட இல்லை. "ஒவ்வொரு கூலி பொண்டாட்டியோட வேண்டுதலுக்கும் தேர நிறுத்தினா, துரை என்ன நெனைப்பார்?" என்று பக்கத்திலிருந்த இன்னொரு பட்டைக்காரரிடம் சொல்லிச் சிரித்தார்.

 

இன்னொன்றும் செய்தார். தேருக்கு முன்னால், வடம் பிடிப்பவர்களைப் பார்த்தபடி பின்னடியாக நடந்து, கையால் சைகை காட்டுவது சுப்பையா அண்ணனின் வேலை. மேளச் சத்தத்தில் யார்டைப் போலவே எதுவும் கேட்காது. அதனால் யார்டுச் சைகையே தேருக்கும் பழகிப்போயிருந்தது. நடராஜன் அண்ணனைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டார். "அந்த எடத்துல மார்ஷல்தான் நடக்கணும்." ரயில்வேயிலேயே இத்தனை வருஷம் சம்பளம் வாங்கியவர், ஒருநாள்கூட யார்டுக்குள் கால் வைத்ததில்லை. அந்த இடத்தில் நிற்பதென்றால் என்ன என்று அவருக்குத் தெரியாது.

அகராதி சொன்னது

இங்கே கொஞ்சம் விலகிப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். பின்னாளில் யூனியன் வேலைக்காக இங்கிலீஷ் படித்தபோது, ஒரு தடித்த அகராதியில் அந்தச் சொல்லைத் தேடினேன். ராணுவத்தில் எல்லோருக்கும் மேலே இருப்பவனுக்கு அந்தப் பெயர். அரண்மனையில் யார் முன்னால் போவது யார் பின்னால் போவது என்று வகுப்பவனுக்கும் அதே பெயர். ஒரு காலத்தில் ஜெயில் காப்பவனுக்கும் அதே பெயர். வக்கீல் தன் வாதங்களை வரிசையாக அடுக்குவதற்கும் அதைத்தான் சொல்வார்களாம். (நான் இதை அப்படி அடுக்கவில்லை என்பது உங்களுக்கே தெரியும்.)

எல்லாவற்றுக்கும் ஆதியில், அது குதிரை பார்க்கும் வேலைக்காரனின் பெயராக இருந்ததாம். லாயத்தில் புல் போட்டுச் சாணி அள்ளுகிறவன்! எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. அகராதியை மூடிவிட்டு அடுத்த ரயிலிலேயே கிள்ளானுக்குப் போய், அப்போது அங்கே குடியிருந்த அக்காவிடம் சொன்னேன்.

அக்கா மீன் கழுவிக்கொண்டிருந்தாள். நிமிரவேயில்லை.

"குதிரைக்காரன் குதிரைய அடிக்காம, தண்ணி காட்டிப் பாத்துக்குவான்டா. அந்தாள எதுக்கு அவனோட சேக்குற?"

என் சந்தோஷம் அத்தோடு போயிற்று. அவள் சொன்னதுதான் சரி.

பின் லைனில்

தேர் பின் லைனுக்குள் திரும்பும்போது வெயில் சாய்ந்திருந்தது. யார்டுப் புகை கூரைகளின் மேல் படிந்திருந்தது. நடராஜன் எங்களைப் பார்த்தபடி பின்னடியாக நடந்தார், பிரம்பைச் சுழற்றிக்கொண்டு. இழு இழு என்று கத்தினார். நாங்கள் இழுத்தோம். ஒவ்வொரு அடியும் எங்கள் வீட்டைத் தாண்டிப் போவதற்காக வைக்கிறோம் என்று நினைத்தபோது எனக்கு வடத்தை அறுத்துப் போடலாம் போலிருந்தது.

தேர் வேகம் குறையாமல் வருவதைப் பெண்கள் பார்த்தார்கள். முதலில் புரியவில்லை. பிறகு அக்காதான் சாக்கடையின் பலகையைத் தாண்டி, விளக்குத் தட்டோடு தெருவில் இறங்கினாள். அவளைப் பார்த்து மற்றவர்களும் இறங்கினார்கள். எங்கள் வீட்டுக்கு நேராக, நடராஜனுக்குப் பின்னால், தெருவை அடைத்து நின்றார்கள்.

நடராஜன் திரும்பிப் பார்த்தார். மேலேயே வந்து விழுந்துவிடுவார்கள் என்று பயந்தாரோ, கோபமோ, இரண்டு கையையும் தலைக்கு மேலே உயர்த்தி, "பேக்! பேக்! எல்லாம் தள்ளுங்க!" என்று அலறினார்.

அலறியது பெண்களுக்குக் கேட்டது. எங்களுக்குக் கேட்கவில்லை. எங்களுக்குத் தெரிந்தது, சைகை காட்டும் இடத்தில் நிற்பவரின் இரண்டு கை மேலே போனதுதான்.

வேண்டுமென்றே செய்தோம் என்று கமிட்டியில் பிறகு பேசினார்கள். அம்மன் மேல் ஆணையாகச் சொல்கிறேன், இல்லை. எங்கள் கைகள் தாமாக வடத்தை விட்டன. பின்னால் கட்டை வைத்திருந்தவர்கள் யோசிக்காமல் சக்கரத்துக்கு அடியில் கட்டையைப் போட்டார்கள். தேர் ஒருமுறை உலுக்கி, மணிகள் ஆடி, நின்றுவிட்டது. எங்கள் வாசலுக்கு நேரே.

மேளக்காரர்களும் நிறுத்திவிட்டார்கள்.

"யார் நிறுத்தச் சொன்னது? இழுங்கடா!" நடராஜன் கையை இன்னும் உயரத் தூக்கி ஆட்டினார்.

"நீங்கதான் சார் சொன்னீங்க. இன்னமும் சொல்லிக்கிட்டு இருக்கீங்க" என்றார் சுப்பையா அண்ணன்.

அப்போதுதான் நடராஜன் தன் கைகளைப் பார்த்தார். லைனில் யாரோ ஒருத்தி சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்புதான் வினை. அவர் விறுவிறுவென்று போய், முன்னால் நின்ற அக்காவின் தட்டைப் பிரம்பால் ஓங்கித் தட்டினார்.

மாவிளக்கு செம்மண்ணில் விழுந்தது. திரி கொஞ்சம் புகைந்து அணைந்தது. நெய் மண்ணில் ஊறியது.

இடிக்கிற சத்தம்

நான் பாய்ந்தேன். மாமாதான் என் வேட்டியைப் பிடித்து இழுத்தார். அவருடைய ஒரு கோல் கீழே விழுந்துவிட்டது. "வேணாண்டா மாரி. அவ பாத்துக்குவா" என்றார். அம்மனைச் சொன்னாரா, அக்காவைச் சொன்னாரா தெரியாது.

அக்கா குனிந்து மண்ணிலிருந்த மாவைத் தட்டில் வழித்தாள். அவசரப்படவில்லை. வழித்துவிட்டு நிமிர்ந்தாள்.

தேர்மேலிருந்த பூசாரி இறங்கி வந்துவிட்டார். நல்ல மனுஷனோ கெட்ட மனுஷனோ, பயந்த மனுஷன். அம்மன் முன்னால் விளக்கு அணைந்தது அவருக்குப் பொறுக்கவில்லை. "தாயி, இருக்கறதக் குடு. நான் ஏத்திக் காட்டிடறேன்" என்று கையை நீட்டினார். எங்கள் தட்டை நோக்கி அந்தக் கை நீண்டது அதுதான் முதல் தடவை.

அக்கா கொடுக்கவில்லை.

"மண்ணுல விழுந்தத நான் அம்மாவுக்குக் குடுக்க மாட்டேன் சாமி. அரிசி இன்னும் மிச்சம் இருக்கு. புதுசா இடிச்சுக்கிட்டு வரேன். அதுவரைக்கும் நிக்கட்டும்."

"துரை வெயிட் பண்றார்!" என்றார் நடராஜன். குரல் கீச்சென்று வந்தது.

அக்கா அவரைப் பார்த்தாள். "உங்க துரை உங்களுக்காக நிப்பாரு. என் சாமி எனக்காக நிக்கட்டும்" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குள் போனாள்.

நாங்கள் சாக்கடை ஓரத்தில் உட்கார்ந்தோம். வடம் தெருவில் கிடந்தது. பட்டைக்காரர்கள் எல்லோரும் சேர்ந்து அதைப் பிடித்து இழுத்துப் பார்த்தார்கள். ஆபீஸ் செருப்பு செம்மண்ணில் வழுக்கியதே தவிர தேர் அசையவில்லை. கட்டையை எடுக்க வேண்டும் என்பதுகூட அவர்களுக்குத் தோன்றவில்லை. நாங்களும் சொல்லவில்லை.

உள்ளேயிருந்து உலக்கைச் சத்தம் வர ஆரம்பித்தது. ஒரே சீராக, திம், திம் என்று. கொஞ்ச நேரத்தில் பக்கத்து வீட்டிலிருந்தும் ஒரு உலக்கை சேர்ந்துகொண்டது. பிறகு இன்னொரு வீடு. மேளம் இல்லை, பேச்சு இல்லை. தேரில் அம்மன், தெருவில் சிவப்புப் பட்டைகள், எல்லோரும் லைன் பெண்கள் அரிசி இடித்து முடிக்கக் காத்துக்கொண்டிருந்தார்கள். என் வாழ்நாளில் அவ்வளவு நல்ல சத்தத்தை நான் கேட்டதில்லை.

துரை காத்திருந்து பார்த்துவிட்டுப் போய்விட்டார் என்று யாரோ ஓடிவந்து சொன்னான். நடராஜன் பிரம்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடந்தே போய்விட்டார்.

அக்கா புது விளக்கோடு வந்தாள். பூசாரி மறுபடி கையை நீட்டினார். "இருக்கட்டும் சாமி, இத்தன நாளு நாங்களே காட்டித்தானே பழக்கம்" என்று அவளே காட்டினாள். மாமா என் தோளில் சாய்ந்து, கோலை விட்டுவிட்டு, இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக் கும்பிட்டார். கண்ணீர் தாடியில் வழிந்தது. வெகுநேரம் கையை இறக்கவில்லை.

கட்டையைப் பிடித்தவன் சுப்பையா அண்ணனைப் பார்த்தான். அண்ணன் வேண்டாம் என்று தலையசைத்தார். மாமாவின் கை இறங்கிய பிறகுதான் தேர் நகர்ந்தது.

அதன் விலை

கதை அங்கே முடிந்திருந்தால் நான் இவ்வளவு கோபமாக எழுதியிருக்க மாட்டேன்.

மாமாவுக்கு லெவல் கிராசிங் கேட்டில் உட்கார்ந்து பார்க்கிற வேலை தருவதாக ஆபீசில் சொல்லியிருந்தார்கள். அது வேறு ஒருவருக்குப் போயிற்று. வேலையில்லாதவனுக்கு லைன் வீடு கிடையாது என்றார்கள். ஒரு மாட்டுவண்டியில் உரல், உலக்கை, பாய், பாத்திரத்தை ஏற்றிக்கொண்டு அக்காவும் மாமாவும் கிள்ளானுக்குப் போனார்கள். அங்கே ஒரு கிடங்கில் கோணிச் சாக்குத் தைத்தே மாமா காலத்தை ஓட்டினார். அக்கா அவருக்குப் பின் கொஞ்ச காலம் இருந்தாள். இருவரும் அதற்கப்புறம் அந்தத் தேரைப் பார்க்கவேயில்லை.

அடுத்த வருஷம் ஊர்வலப் பாதையிலிருந்து பின் லைனை எடுத்துவிட்டார்கள். நாங்கள் வடத்தைத் தொடவில்லை. அவர்கள் கூலிக்கு மாடு பிடித்தார்கள். நடராஜன் அதற்கும் மார்ஷலாக முன்னால் நடந்தார், பட்டையோடு. அந்தப் படம்தான் கமிட்டி அறையில் மாலை போட்டுத் தொங்குகிறது.

நேற்று அந்த இளைஞர்கள் பதில் கேட்டு மறுபடி வந்தார்கள். பட்டையை மடித்து அவர்கள் கையில் கொடுத்தேன். முகம் வாடிவிட்டது.

"இப்ப தேர யாரு இழுக்குறா?" என்று கேட்டேன்.

"லோரி இழுக்குது ஐயா."

"பின் லைன் பக்கம் போவுதா?"

"லைனெல்லாம் ஒடைச்சுட்டாங்களே ஐயா. இப்ப அங்க ரோடுதான். அந்த வழியாத்தான் போவோம்."

"நிக்குமா?"

"எதுக்கு ஐயா நிக்கணும்? அங்க யாரும் இல்லையே."

"நான் இருப்பேன். எனக்குப் பட்டை வேணாம், படம் வேணாம். மாவிளக்கு எடுத்துக்கிட்டு அந்த ரோட்டு ஓரமா நிப்பேன். லோரி வர்றப்ப ரெண்டு கையையும் தூக்குவேன். லோரிக்காரன்கிட்ட இப்பவே சொல்லி வைங்க."